வேதாகமம் சொல்லும் ஆவிக்குரிய வல்லமை: புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

கிறிஸ்தவ சபைக்குப் புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் சில வாரங்களுக்குள் "வல்லமை" என்ற சொல்லைக் கேட்டுவிடுவார். வல்லமையான ஜெபம், வல்லமையான ஊழியம், அபிஷேகத்தின் வல்லமை என்று பல விதமாக அது காதில் விழும். அது என்ன, யாருக்கு வருகிறது, எதற்காக வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் நோய் நீங்குவதைச் சொல்வார். இன்னொருவர் பாவப் பழக்கத்தை விடும் பலத்தைச் சொல்வார். மற்றொருவர் அந்நியபாஷையை, அதாவது கற்றுக்கொள்ளாத பாஷையில் ஆவியானவரால் பேசுவதை, சொல்வார். எல்லாருமே ஒரு வசனத்தைக் காட்டுவார்கள்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் வேதாகமத்தையே வரிசையாக வாசித்துவிடுவது நல்லது. அதற்கான பாதையைத்தான் இங்கே போட்டுக் கொடுக்கிறேன். ஒரு வேதாகமமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். அவசரப்படாமல் வாசித்தால் இரண்டு மூன்று வாரங்களில் முடித்துவிடலாம்.

நான் எந்த முடிவோடு எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதாகமம் முழுக்க வல்லமை தேவனுடையதாகவே இருக்கிறது. அது மனிதரிடம் ஒரு வேலைக்காக வருகிறது, அவர்களுடைய சொத்தாக ஒருபோதும் மாறுவதில்லை. இயேசுவின் சிலுவையை விட்டுவிட்டு அதைப் புரிந்துகொள்ளவும் முடியாது. நீங்கள் வாசித்து வேறு முடிவுக்கு வந்தால், அதுவும் வாசித்து வந்த முடிவாக இருக்கட்டும்.

முதல் படி: சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் பெலன், பலம், வல்லமை, பராக்கிரமம், அதிகாரம் என்று பல சொற்கள் வரும். திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் வல்லமை, ஆற்றல், அதிகாரம் என்று வரும். ஒவ்வொரு சொல்லும் வரும் வசனங்களைத் தொகுத்துத் தரும் ஒத்தவாக்கிய நூலிலோ கைப்பேசியிலோ தேடும்போது ஒரு சொல்லை மட்டும் தேடினால் பாதி இடங்கள் தப்பிவிடும். அதிகாரம் என்பதை மட்டும் கொஞ்சம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஒரு காரியத்தைச் செய்யும் உரிமையைக் குறிக்கும், செய்து முடிக்கும் பலத்தை அல்ல. இரண்டும் சேர்ந்தே வரும் இடங்களும் உண்டு. லூக்கா 9:1 அப்படிப்பட்டது.

இரண்டாம் படி: நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

வல்லமையைப் பற்றிய எந்தப் பகுதியை வாசித்தாலும் நோட்டில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். யார் கொடுத்தார்? யாருக்குக் கொடுத்தார்? என்ன வேலைக்காக? அதனால் யாருக்கு என்ன நடந்தது? நான்காவது கேள்வியைப் பலர் தவறவிடுகிறார்கள், ஆனால் அதிகம் கற்றுத்தருவது அதுதான். வல்லமை வந்தது என்று எழுதிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடாதீர்கள். அதைப் பெற்றவருடைய வாழ்க்கை கடைசியில் எங்கே போய் நின்றது, அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு அதனால் நன்மை வந்ததா என்பதையும் பாருங்கள்.

மூன்றாம் படி: பழைய ஏற்பாட்டில் நிதானமாகத் தொடங்குங்கள்

பரிசுத்த ஆவியானவர் சீஷர்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளிலிருந்து தொடங்கத்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து பேசியபோது பழைய ஏற்பாட்டின் யோவேல் புத்தகத்தைத்தான் எடுத்துச் சொன்னார். அதனால் நாமும் பழைய ஏற்பாட்டுக்குள் போய்விட்டு வரலாம்.

முதலில் யாத்திராகமம் 31-ஆம் அதிகாரம். தேவ ஆவியினால் ஒருவரை நிரப்பினேன் என்று தேவன் அங்கே சொல்கிறார். அந்த ஆள் தீர்க்கதரிசியோ ராஜாவோ ஆசாரியனோ அல்ல. பெசலெயேல் என்ற கைவினைஞர். பொன், வெள்ளி, வெண்கல வேலை, கல் பதிப்பது, மரத்தில் செதுக்குவது, இவற்றுக்காகத்தான் அந்த நிரப்புதல். ஆவியின் வல்லமை என்றாலே கூச்சலும் அதிர்வும் என்று நினைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியில் சற்று நேரம் நிற்க வேண்டும்.

அப்புறம் எண்ணாகமம் 11. ஜனங்களின் பாரத்தை ஒருவனாகச் சுமக்க முடியவில்லை என்று மோசே தேவனிடம் அழுகிறார். மோசேயின்மேல் இருந்த ஆவியை எழுபது மூப்பர்மேலும் வைக்கிறார் தேவன். கூடாரத்துக்கு வராமல் பாளயத்திலேயே இருந்துவிட்ட எல்தாத், மேதாத் என்ற இருவர்மேலும் ஆவி இறங்குகிறது. யோசுவாவுக்கு அது பொறுக்கவில்லை, அவர்களைத் தடைபண்ணும் என்கிறார். மோசேயோ, கர்த்தருடைய ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசிகளாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிறார். வல்லமை தன்னிடம் மட்டும் இருக்கவேண்டும் என்று நினைக்காத தலைவர் எப்படி இருப்பார் என்பதற்கு இதைவிட நல்ல பகுதி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, நியாயாதிபதிகள் 13 முதல் 16 வரை, சிம்சோனின் கதை. கர்த்தருடைய ஆவி அவன்மேல் பலமாக இறங்குகிறது. சிங்கத்தைக் கிழிக்கிறான், கயிறுகளை அறுக்கிறான். அதே மனுஷன் தன் ஆசைகளுக்குக் கடைசிவரை அடிமையாகவே இருக்கிறான். 16:20-ஐ அடிக்கோடிடுங்கள். தெலீலாளின் மடியிலிருந்து விழித்து, முன்போல உதறிப்போடுவேன் என்று எழுந்திருக்கிறான். கர்த்தர் தன்னைவிட்டு விலகியது அவனுக்குத் தெரியவே இல்லை. ஒருவரிடம் பெரிய காரியங்கள் நடக்கின்றன என்பதற்காக அவருடைய குணமும் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது என்பதை வேதாகமம் இவ்வளவு பழைய காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. நேரம் இருந்தால் சவுல் ராஜாவின் கதையையும் (1 சாமுவேல் 10, 16) இதோடு வைத்து வாசியுங்கள்.

கடைசியாக சகரியா 4:6. "பலத்தினாலும் அல்ல, பராக்கிரமத்தினாலும் அல்ல, என்னுடைய ஆவியினாலேயே ஆகும்" என்ற வசனம் பலருக்கு மனப்பாடம். அது எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்பதுதான் தெரிவதில்லை. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த யூதர்கள், இடிந்துபோன எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கி, எதிர்ப்பினால் பல வருஷம் நிறுத்திவைத்திருந்தார்கள். பெர்சிய ராஜா தரியுவின் இரண்டாம் வருஷம், அதாவது கி.மு. 520 வாக்கில், வேலை மறுபடி தொடங்கியது. தலைமை தாங்கிய செருபாபேலுக்குப் படையும் இல்லை, பெரிய கஜானாவும் இல்லை. அவருக்கு வந்த வார்த்தை இது. ஒரே இரவில் சுவர் எழும்பிவிடவில்லை. கல்மேல் கல் வைத்துத்தான் கட்டினார்கள். தரியுவின் ஆறாம் வருஷத்தில்தான் ஆலயம் முடிந்தது (எஸ்றா 6:15). ஆவியினாலே ஆகும் என்றால் மனிதர் கை வேலை செய்ய வேண்டியதில்லை என்று அர்த்தமில்லை.

நான்காம் படி: இயேசுவை லூக்காவின் வழியாகப் பாருங்கள்

நான்கு சுவிசேஷங்களில் இந்த விஷயத்துக்கு லூக்காதான் வசதி. ஆவியானவரையும் வல்லமையையும் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அப்போஸ்தலர் நடபடிகளும் அவர் எழுதியதாகவே திருச்சபை ஆரம்பத்திலிருந்து சொல்லிவருகிறது. இரண்டையும் ஒரே நூலின் இரண்டு பாகங்களாக வாசிக்கலாம்.

லூக்கா 3:21 முதல் 4:21 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள், வம்சவரலாற்றை மட்டும் இப்போதைக்குத் தாண்டிவிடலாம். ஞானஸ்நானத்தில் ஆவியானவர் இயேசுவின்மேல் இறங்குகிறார். ஆவியால் நிறைந்தவராக அவர் நேரே போவது வனாந்தரத்துக்கு. நாற்பது நாள் பசி. அங்கே பிசாசு கேட்கிற மூன்று காரியங்களும் வல்லமையைப் பற்றியவைதான். கல்லை அப்பமாக்கு: உன் தேவைக்காக வல்லமையைப் பயன்படுத்து. என்னைப் பணிந்துகொள், ராஜ்யங்களையெல்லாம் தருகிறேன்: குறுக்கு வழியில் ஆட்சியைப் பிடி. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி: எல்லாரும் பார்க்கும்படி தேவனைச் சோதித்துக் காட்டு. மூன்றையும் மறுக்கிறார். மறுத்த பிறகுதான் லூக்கா 4:14 வருகிறது: ஆவியானவருடைய பலத்தினாலே இயேசு கலிலேயாவுக்குத் திரும்பினார். இந்த வரிசையை நோட்டில் எழுதி வையுங்கள். வல்லமையை எதற்கெல்லாம் பயன்படுத்த மாட்டேன் என்று தீர்மானித்துவிட்டுத்தான் இயேசு ஊழியத்தைத் தொடங்குகிறார்.

எதற்குப் பயன்படுத்துவார் என்பது அடுத்த சில வசனங்களிலேயே இருக்கிறது. நாசரேத் ஜெபஆலயத்தில் ஏசாயா 61-ஐத் திறந்து வாசிக்கிறார்: தரித்திரருக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, குருடருக்குப் பார்வை, நொறுங்குண்டவர்களுக்கு விடுதலை. அதன்பின் லூக்கா முழுவதிலும் இயேசு செய்கிற அற்புதங்களைக் கவனியுங்கள். குஷ்டரோகி, விதவையின் மகன், பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் வாடிய பெண், கூனியான ஒரு பெண். இவர்களில் யாரும் பதிலுக்கு எதையும் கொடுக்கக்கூடிய நிலையில் இல்லை.

அந்த உதிரப்போக்குள்ள பெண்ணின் கதையில் (8:43-48) புதிதாக வாசிப்பவர்கள் தடுமாறுவது உண்டு. என்னிலிருந்து வல்லமை புறப்பட்டது என்று இயேசு சொல்வதைப் பார்த்துவிட்டு, வஸ்திரத்தைத் தொட்டாலே பாயும் ஒரு மந்திர சக்தி போல நினைத்துவிடுகிறார்கள். கதை அங்கே நிற்கவில்லை. தொட்டது யார் என்று கேட்டு அந்தப் பெண்ணை முகத்துக்கு முகம் பார்க்கிறார் இயேசு. மகளே என்று கூப்பிடுகிறார். உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது, சமாதானத்தோடே போ என்று அனுப்புகிறார். கூட்டத்தில் ஒளிந்து வந்தவளை எல்லார் முன்பாகவும் நிமிர்ந்து நிற்கவைத்த பிறகே அந்தச் சம்பவம் முடிகிறது.

இன்னும் இரண்டு இடங்கள். லூக்கா 10:17-20-இல் அனுப்பப்பட்ட எழுபது பேர் திரும்பிவந்து, பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள். அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்கிறார் இயேசு. அடுத்து 23:35-39. மற்றவர்களை இரட்சித்தான், தன்னைத்தான் இரட்சித்துக்கொள்ளட்டும் என்று அதிகாரிகளும் போர்ச்சேவகரும் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட குற்றவாளியும் பரியாசம் செய்கிறார்கள். வனாந்தரத்தில் கேட்ட அதே கேள்வி சிலுவையின் கீழே மறுபடி கேட்கிறது. இயேசு இறங்கி வரவில்லை.

ஐந்தாம் படி: அப்போஸ்தலர் நடபடிகளை முழுவதும் வாசியுங்கள்

1:8-ஐயும் 2-ஆம் அதிகாரத்தையும் மட்டும் வாசித்துவிட்டு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். தயவுசெய்து 28 அதிகாரங்களையும் வாசியுங்கள். விறுவிறுப்பான புத்தகம்தான், சலிப்பு வராது.

1:8 சொல்வது இதுதான்: "பரிசுத்த ஆவி உங்களிடத்தில் வரும்போது நீங்கள் பெலனடைந்து", எருசலேம் தொடங்கி பூமியின் கடைசிவரைக்கும் எனக்குச் சாட்சிகளாயிருப்பீர்கள். பெலன் எதற்கு என்ற கேள்விக்கு அதே வசனத்தில் பதில் இருக்கிறது. சீஷர்கள் அதற்குச் சற்று முன்னால் கேட்டது வேறு: இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீர்? அவர்கள் ஆட்சியைக் கேட்டார்கள், சாட்சி சொல்லும் வேலை கொடுக்கப்பட்டது.

2-ஆம் அதிகாரத்தில் காற்றும் அக்கினி நாவுகளும் பல பாஷைகளும் இருக்கின்றன. அவற்றோடு நிறுத்தாமல் 2:42-47 வரை போங்கள். உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம், ஆஸ்தியை விற்றுத் தேவைப்பட்டவர்களுக்குப் பகிர்ந்துகொடுப்பது. ஆவியானவர் வந்த இடத்தில் மக்கள் எப்படி வாழத் தொடங்கினார்கள் என்பதும் பெந்தெகொஸ்தே சம்பவத்தின் பகுதிதான்.

3-ஆம் அதிகாரத்தில் சப்பாணி நடக்கிறான், ஜனங்கள் ஓடிவருகிறார்கள். பேதுரு அவர்களைத் தடுத்துச் சொல்வது முக்கியம்: எங்கள் சொந்தச் சக்தியாலோ பக்தியாலோ இவனை நடக்கவைத்தோம் என்பதுபோல் ஏன் எங்களையே பார்க்கிறீர்கள்? (3:12) பக்தியையும் சேர்த்து மறுக்கிறார் என்பதைக் கவனியுங்கள். நிறைய ஜெபித்ததால், உபவாசித்ததால் எனக்கு வல்லமை வந்தது என்று சொல்லவும் பேதுரு இடம் வைக்கவில்லை.

8-ஆம் அதிகாரத்தில் சமாரியாவின் சீமோன். மாயவித்தைக்காரனாக இருந்து ஞானஸ்நானம் பெற்றவன். அப்போஸ்தலர் கைவைத்தால் ஆவியானவர் வருவதைப் பார்த்துவிட்டு, அந்த அதிகாரத்தை எனக்கும் கொடுங்கள் என்று பணத்தைக் கொண்டுவருகிறான். பேதுருவின் பதில் மிகவும் கடுமையானது. 19-ஆம் அதிகாரத்தில் எபேசு பட்டணத்தில் ஸ்கேவாவின் ஏழு குமாரர்கள், பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பெயரால் என்று சொல்லிப் பிசாசைத் துரத்தப் பார்க்கிறார்கள். இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார் என்று அந்த ஆவி கேட்கிறது; அடிபட்டு ஓடுகிறார்கள். இயேசுவின் பெயரை ஒரு மந்திரம்போல யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. அதைத் தொடர்ந்து எபேசில் பலர் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். அவற்றின் மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. விற்றிருந்தால் பெரும் பணம். எரித்தார்கள்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் கனமான அதிகாரம் 12. ஏரோது ராஜா யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். பேதுருவையும் பிடித்துச் சிறையில் போடுகிறான். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது. தூதன் வருகிறான், சங்கிலிகள் விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. அப்படியானால் யாக்கோபுக்கு ஏன் தூதன் வரவில்லை? லூக்கா விளக்கம் தரவில்லை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்றும் சொல்லவில்லை. இயேசுவோடு மறுரூப மலைக்கு ஏறிய மூவரில் அவரும் ஒருவர். எபிரெயர் 11:33-38-ஐ இதன் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். விசுவாசத்தினாலே சிலர் சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், பட்டயத்துக்குத் தப்பினார்கள். அதே விசுவாசத்தோடு வேறு சிலர் கல்லெறியுண்டார்கள், பட்டயத்தால் வெட்டப்பட்டார்கள். இரு தரப்பும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். சுகம் கிடைக்காத ஒருவரிடம் உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம் இந்த இரண்டு பகுதிகளையும் திறந்து பார்க்க வேண்டும். அப்படிச் சொல்லப்பட்டு நொந்துபோனவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆறாம் படி: பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு நிருபங்கள்

ஆவியின் வரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள எல்லாரும் 1 கொரிந்தியர் 12-க்குப் போகிறார்கள். நீங்கள் 1-ஆம் அதிகாரத்திலிருந்து வாருங்கள். கி.பி. 50-களின் நடுவில், எபேசிலிருந்து பவுல் எழுதிய கடிதம் இது. வரங்களுக்குக் குறைவில்லாத சபை கொரிந்து (1:7). ஆனாலும் கட்சி, வழக்கு, ஒழுக்கக்கேடு, கர்த்தருடைய பந்தியில்கூட ஏழைகளைப் பசியோடு விட்டுவிட்டுச் சாப்பிடுவது என்று எல்லாம் அங்கே இருக்கிறது.

அந்தச் சபைக்குப் பவுல் முதலில் சொல்வது சிலுவையைப் பற்றிய செய்தியே தேவனுடைய பெலன் என்பது (1:18). ரோம ஆட்சியில் சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுக்கப்பட்ட அவமானமான தண்டனை. அதைக் காட்டி இதுதான் தேவபெலன் என்று சொன்னால் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்து, நான் உங்களிடம் வந்தபோது பலவீனத்தோடும் பயத்தோடும் நடுக்கத்தோடும் இருந்தேன், உங்கள் விசுவாசம் தேவபெலத்தில் நிற்கவேண்டும் என்பதற்காகவே என்கிறார் (2:1-5).

இந்த அடித்தளத்தோடு 12, 13, 14-ஐ ஒரே தொகுதியாக வாசியுங்கள். வரங்கள் பல, ஆவியானவர் ஒருவர். எல்லாருடைய நன்மைக்காகவும் அவை தரப்படுகின்றன. எல்லாருக்கும் எல்லா வரமும் இல்லை. நடுவில் அன்பைப் பற்றிய 13-ஆம் அதிகாரம் நிற்கிறது. திருமணங்களில் வாசிக்கப்படுவதால் அது தனிக் கவிதை என்று தோன்றும். உண்மையில் வரங்களைப் பற்றிய விவாதத்தின் மையம் அது. மலைகளைப் பெயர்க்கும் விசுவாசம் இருந்தும் அன்பு இல்லாவிட்டால் நான் ஒன்றுமில்லை என்கிறார். 14-இல் நடைமுறை ஒழுங்கு வருகிறது: ஒருவர்பின் ஒருவராகப் பேசுங்கள், மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கட்டும்.

அப்புறம் 2 கொரிந்தியர் 11, 12. கொரிந்துக்கு வந்த வேறு சிலர் தங்களை உயர்ந்த அப்போஸ்தலர்களாகக் காட்டிக்கொண்டார்கள். பதிலுக்குப் பவுலும் பட்டியல் போடுகிறார். அந்தப் பட்டியலில் சவுக்கடி, கல்லெறி, கப்பற்சேதம், பசி, குளிர் ஆகியவைதான் இருக்கின்றன. பிறகு மாம்சத்தில் கொடுக்கப்பட்ட முள்ளைப் பற்றிச் சொல்கிறார். அது நோயா, எதிர்ப்பா, வேறு ஏதாவதா என்று அவர் சொல்லாததால் நாமும் ஊகிக்க வேண்டாம். மூன்றுமுறை வேண்டியும் அது நீங்கவில்லை. கிடைத்த பதில்: "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." பவுல் மூலமாகப் பிறர் சுகமடைந்ததை நடபடிகளில் வாசித்துவிட்டு இங்கே வந்தால் இந்த வசனத்தின் எடை தெரியும்.

ஏழாம் படி: தனியாகப் பிய்த்தெடுக்கப்படும் வசனங்கள்

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" (பிலிப்பியர் 4:13). பரீட்சைக்கும் விளையாட்டுக்கும் வியாபாரத்துக்கும் இதைச் சொல்கிறார்கள். முந்தின இரண்டு வசனங்களை வாசியுங்கள். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்று காவலில் இருக்கும் ஒருவர் எழுதுகிறார். எந்த நிலையையும் தாங்கும் பெலன் அது.

கொலோசெயர் 1:11-ஐ அதிகம் பேர் மேற்கோள் காட்டுவதில்லை, அது எனக்கு வருத்தம். தேவனுடைய மகிமையான வல்லமையின்படி எல்லா வல்லமையாலும் பலப்படவேண்டும் என்று பவுல் ஜெபிக்கிறார். அடுத்து பெரிய அற்புதம் ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்ப்போம். பொறுமையும் நீடிய சாந்தமும் சந்தோஷமும் உண்டாகும்படி என்று வருகிறது.

மாற்கு 16:17-18-இல் சர்ப்பங்களை எடுப்பது, சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் சேதப்படாதது போன்ற அடையாளங்கள் வருகின்றன. மாற்கு 16:9-20 பகுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கைப்பிரதிகளில் முக்கியமான இரண்டில், 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும், இல்லை. பல வேதாகமங்களில் அடிக்குறிப்பும் இருக்கும். சபைகள் இந்தப் பகுதியையும் வேதமாகவே வாசித்துவருகின்றன. ஆனாலும் இதை வைத்து யாரும் பாம்பைப் பிடிக்கவோ விஷத்தைக் குடிக்கவோ கூடாது. தேவனைச் சோதிக்கக் கூடாது என்று வனாந்தரத்தில் இயேசு சொன்னது இங்கேயும் பொருந்தும்.

எட்டாம் படி: வல்லமை இருப்பதாகச் சொல்பவர்களைச் சோதித்துப் பாருங்கள்

சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் 1 தெசலோனிக்கேயர் 5:19-21-ஐக் காட்டுங்கள். ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்று சொன்ன அதே மூச்சில் "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் எழுதுகிறார். அடையாளம் நடந்துவிட்டதே என்பது மட்டும் போதாது என்று உபாகமம் 13:1-3 சொல்கிறது. மத்தேயு 7:21-23 இன்னும் திகைக்கவைக்கும். உமது நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம் என்று சொல்லும் அநேகரை, உங்களை ஒருபோதும் அறியவில்லை என்று இயேசு அனுப்பிவிடுகிறார். கனிகளால் அறிவீர்கள் என்பதே அவர் தரும் அளவுகோல். கலாத்தியர் 5:22-23-இல் அந்தக் கனி என்னவென்று இருக்கிறது: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம்.

பணத்தைப் பற்றி வேதாகமம் வெளிப்படையாகவே பேசுகிறது. சீரியப் படைத்தலைவன் நாகமானின் குஷ்டம் நீங்கியபின் அவன் கொண்டுவந்த காணிக்கையைத் தீர்க்கதரிசி எலிசா தொடவில்லை. பின்னாலே ஓடி வாங்கிக்கொண்ட எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டமே வந்தது (2 இராஜாக்கள் 5). "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று இயேசு சொன்னதும் சுகமாக்கவும் பிசாசுகளைத் துரத்தவும் சீஷரை அனுப்பிய இடத்தில்தான் (மத்தேயு 10:8). ஜெபத்துக்குத் தொகை நிர்ணயிக்கிறவரை விட்டு விலகுங்கள். தன்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்பவரையும், நீங்கள் தனியாக வந்து பார்க்கவேண்டும் என்று வற்புறுத்துகிறவரையும் கூடத்தான்.

மருத்துவத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஜெபித்தாயிற்று, மருந்தை நிறுத்து என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று பவுல் எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). உடன் ஊழியர் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியாகவே விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). அவருடைய நண்பர் லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14). நோயுற்றவர் மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபு 5:14. ஜெபத்தையும் சிகிச்சையையும் எதிரெதிரே நிறுத்தவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

சபைகள் வேறுபடும் இடம்

அந்நியபாஷையும் குணமாக்கும் வரமும் இன்றைக்கும் உண்டு என்று பெந்தெகொஸ்தே சபைகள் நம்புகின்றன. 1906-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து அசூசா தெருவில் நடந்த எழுப்புதல் கூட்டங்களிலிருந்து அந்த இயக்கம் உலகமெங்கும் வேகமாகப் பரவியது. அப்படிப்பட்ட சில வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தன என்று வேறு சில சபைகள் போதிக்கின்றன. கத்தோலிக்கர் உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனத்தில் ஆவியின் கொடைகள் தரப்படுவதாக நம்புகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் சபைகளிலும் திருமுழுக்கை ஒட்டித் தைலம் பூசும் சடங்கு உண்டு. நீங்கள் போகும் சபை என்ன சொல்கிறது என்று அங்கே உள்ள போதகரிடமோ குருவானவரிடமோ நேராகவே கேளுங்கள். கேட்கும்போது உங்கள் நோட்டும் கையில் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: ஜெபிக்கத் தொடங்குங்கள்

படிப்போடு நிறுத்திக்கொள்ளும் விஷயம் இல்லை இது. பரமபிதாவிடம் கேட்கிறவர்களுக்குப் பரிசுத்த ஆவியைக் கொடுப்பது நிச்சயம் என்று லூக்கா 11:13-இல் இயேசு சொல்கிறார். கேட்பதற்கு விசேஷ இடமோ விசேஷ ஆளோ வேண்டியதில்லை.

என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் எபேசியர் 3:14-21-ஐ உங்கள் ஜெபமாக்கிக்கொள்ளுங்கள். உள்ளான மனுஷனில் வல்லமையாய்ப் பலப்படவேண்டும், கிறிஸ்துவின் அன்பின் அகலத்தையும் நீளத்தையும் ஆழத்தையும் உயரத்தையும் உணரவேண்டும் என்று பவுல் கேட்கிறார். முதலில் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். மறுநாள் அதே வசனங்களை வீட்டில் உள்ள ஒருவருக்காக. அதற்கடுத்து, உங்களுக்குப் பிடிக்காத ஒருவருக்காக. அந்த மூன்றாவது நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். அன்று 2 தீமோத்தேயு 1:7-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தேவன் கொடுத்தது பயமுள்ள ஆவி அல்ல, "பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவி."

ஒரு வாரம் இப்படிச் செய்தபின் நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து நோட்டைப் புரட்டுங்கள். அன்பும் பொறுமையும் எங்கே கொஞ்சமாவது வளர்ந்திருக்கிறது என்று உங்களைவிடப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த வாரத்துக்கு ரோமர் 8-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம்.